இங்கிலாந்தில் 30 மணி நேர இலவச நர்சரி: எப்போது, எப்படி விண்ணப்பிப்பது

இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைக்கு, 9 மாதம் நிறைந்ததற்கு அடுத்த டேர்மிலிருந்து பள்ளி சேரும் வரை வாரம் 30 மணி நேர நர்சரிச் செலவை அரசு ஏற்கிறது. 2025 செப்டம்பர் முதல் இது முழு அளவில் நடைமுறையில் உள்ளது. படிவம் சிறியதுதான். ஆனால் தேதி தவறினால் மூன்று, நான்கு மாதக் கட்டணம் கைக்காசிலிருந்து போகும்.

செப்டம்பர் டேர்முக்கு ஆகஸ்ட் 31, ஜனவரிக்கு டிசம்பர் 31, ஏப்ரலுக்கு மார்ச் 31 கடைசி நாள். அதற்குள் விண்ணப்பித்திருந்தால் மட்டும் போதாது, தகுதி உறுதியானதும் அரசு தரும் 11 இலக்கக் கோட் (குறியீட்டு எண்) கைக்கு வந்திருக்க வேண்டும். குழந்தைக்கும் அதற்குள் 9 மாதம் ஆகியிருக்க வேண்டும். டிசம்பர் 5-ல் பிறந்த குழந்தைக்கு செப்டம்பர் 5-ல்தான் 9 மாதம் நிறைகிறது, ஆகவே ஜனவரியில்தான் தொடங்க முடியும். குழந்தைக்கு 23 வாரம் ஆனதுமே விண்ணப்பிக்கலாம். சில விண்ணப்பங்களுக்குப் பதில் வர ஒரு வாரம்கூட ஆகும் என்பதால், செப்டம்பருக்கு ஜூலைக்குள் முடித்துவிடுவது நல்லது.

தாய், தந்தை இருவரும் (தனிப் பெற்றோர் என்றால் அவர் மட்டும்) அடுத்த 3 மாதங்களில் சராசரியாக வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்சக் கூலி அளவுக்குச் சம்பாதிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த 12.21 பவுண்டு விகிதப்படி அது வாரம் சுமார் 195 பவுண்டாக இருந்தது. சுயதொழில் தொடங்கி ஓராண்டு ஆகாதவர்களுக்கு இந்த வரம்பு இல்லை. இருவரில் ஒருவருடைய வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டினாலும் கிடைக்காது. போனஸையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பென்ஷனுக்குக் கட்டுவதைக் கழித்துக்கொள்ளலாம்.

விசாவில் இருக்கும் நம்மவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். இருவரில் ஒருவருக்காவது பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடியுரிமையோ, செட்டில்டு அல்லது ப்ரீ-செட்டில்டு தகுதியோ (ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்குமான வசிப்புரிமை), 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' (அரசின் உதவித்தொகைகள்) பெறும் அனுமதியோ இருக்க வேண்டும். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் பெரும்பாலும் அந்த அனுமதி இருக்காது. அதற்காக எல்லாமே இல்லை என்று இருந்துவிடாதீர்கள். 3, 4 வயதுக் குழந்தைகளுக்கான 15 மணி நேரத்துக்கு விசாவும் தடையில்லை, வருமானமும் தடையில்லை. கோட் தேவையில்லை, நர்சரியிலேயே நேராகக் கேட்கலாம். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் 2 வயதிலேயே 15 மணி நேரம் கிடைக்கக்கூடும். அதைக் கவுன்சிலில் விசாரியுங்கள்.

விண்ணப்பம் அரசு இணையதளத்தில்தான். இருவரின் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கோட் வந்ததும் அதையும், உங்கள் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணையும், குழந்தையின் பிறந்த தேதியையும் நர்சரிக்குக் கொடுங்கள். கோட் தானாக இடம் பிடித்துத் தராது. இடத்தை முன்பே பேசி வைக்க வேண்டும்.

30 மணி நேரம் என்பது ஆண்டுக்கு 38 வாரம், மொத்தம் 1,140 மணி. 51 வாரத்துக்குப் பரப்பினால் வாரம் 22 மணி நேரம்தான் வரும். சாப்பாடு, நாப்பிக்குத் தனிக் கட்டணம் கேட்கலாம், ஆனால் அதைக் கட்டினால்தான் இலவச நேரம் என்று சொல்லக் கூடாது. பில்லில் இதைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

3 மாதத்துக்கு ஒருமுறை விவரங்களை மறுபடி உறுதிப்படுத்த வேண்டும். மே மாதத்தில் வாங்கிய கோட், செப்டம்பர் வருமுன் ஆகஸ்டிலேயே காலாவதியாகும். ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் குழந்தைக்குச் சிறிது காலம் சலுகை உண்டு. ஆனால் அந்தச் சலுகைக் காலத்தில் வேறு நர்சரிக்கு மாறினால் அங்கே இந்தக் கோட்டை ஏற்கமாட்டார்கள். மாறுவதற்கு முன் கோட்டைப் புதுப்பித்துவிடுங்கள்.