சுடுதண்ணிப் போத்தலில் சூடு நிற்க

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வாசலில் பின்னேரம் நின்று பார்த்தால், ஆளைப் பார்க்க வருகிறவர்களில் எத்தனையோ பேரின் கையில் சுடுதண்ணிப் போத்தல், அதுதான் பிளாஸ்க், இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் எனக்குக் கவலை. பலர் வீட்டிலேயே பால் தேத்தண்ணி ஊற்றி, சீனியும் கலந்து, இறுக்கி மூடிக்கொண்டு வருகிறார்கள். வாட்டில் வைத்து வார்க்கும்போது பழைய வாடை அடிக்கும். வருத்தக்கார மனிசர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவார்.

என் மாமி படுக்கையில் இருந்த காலம் முழுவதும் அவவுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். இன்றைக்கும் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் யாராவது ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: போத்தலுக்குள் கொதித்த தண்ணியை மட்டும் விடுங்கள். தேயிலை, பால்மா, சீனி, இஞ்சி எல்லாவற்றையும் தனித்தனியாகச் சின்னப் பேணிகளில் கொண்டுபோய் அங்கேயே கோப்பையில் கலந்து கொடுங்கள்.

காரணம் இருக்கிறது. பால் கலந்தது 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகத் தொடங்கும். போத்தல் சூட்டை மெல்ல மெல்லத்தான் விடும் என்பதால், கிருமிக்குப் பிடித்த அந்த இளஞ்சூட்டிலேயே பால் நெடுநேரம் கிடக்கும். நோயாளிக்கு அது கூடாது. வெறுந்தேத்தண்ணி அவ்வளவு மோசமில்லை, ஆனால் நேரம் போகப் போக நிறம் கறுத்து, கயர்ப்பு ஏறிவிடும். தண்ணிக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அதே தண்ணியில் ஒருவருக்குத் தேத்தண்ணி, ஒருவருக்குக் கோப்பி, இன்னொருவருக்கு மல்லித்தண்ணி என்று போடலாம். சீனி கூடாதவருக்குச் சீனி இல்லாமல் கொடுக்கலாம். வெறுந்தேத்தண்ணிக்குப் பனையோலைக் குட்டானில் இருந்து ஒரு துண்டு பனங்கட்டி எடுத்துக் கடித்துக்கொண்டு குடிக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுவே வசதி.

இனி சூடு நிற்க வைக்கிற விஷயம். "அக்கா, எங்கட போத்தலில் சூடு நிக்குதில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, தண்ணி விட முன் போத்தலைச் சூடாக்கினீர்களா என்று. குளிர்ந்து கிடக்கிற போத்தலுக்குள் கொதிதண்ணியை விட்டால், அதன் முதல் சூட்டை உள்சுவரே குடித்துவிடும். ஆகவே கேத்தலில் தண்ணி கொதித்ததும் கொஞ்சத்தைப் போத்தலுக்குள் விட்டு, மூடி, ஐந்து நிமிடம் வையுங்கள். அந்தத் தண்ணியைக் கோப்பை கழுவ ஊற்றிவிட்டு, கேத்தலை மறுபடி ஒரு கொதி கொதிக்க விட்டு நிரப்புங்கள். கண்ணாடிப் போத்தல் என்றால் முதலில் இளஞ்சூடான தண்ணியை விட்டுப் பிறகு கொதிதண்ணி விடுவது நல்லது. திடீர்ச் சூட்டில் கண்ணாடி வெடிக்கும்.

நிரப்பும்போது மூடிக்குக் கீழே ஒரு விரலளவு இடம் மட்டும் விடுங்கள். அரைப் போத்தல் தண்ணி, முழுப் போத்தல் தண்ணியை விடக் கெதியாக ஆறும். அதனால்தான் ஒரு பெரிய போத்தலை விட இரண்டு சின்னப் போத்தல் மேல் என்று நான் சொல்வேன். ஒன்றைத் திறந்து திறந்து பாவிக்கும்போது மற்றது மூடியபடியே இருக்கும். சூடு கூடுதலாகப் போகிற வழி வாய்தான். மூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

பக்கச் சுவரால் சூடு போகாததற்குக் காரணம் அதன் அமைப்பு. இரண்டு சுவர், நடுவில் காற்றை இழுத்து எடுத்த வெற்றிடம். வெற்றிடத்தைத் தாண்டிச் சூடு கதிராகத்தான் போகமுடியும். கண்ணாடிப் போத்தலில் அதையும் தடுக்கத்தான் வெள்ளிப் பூச்சு. 1892இல் லண்டனில் ஜேம்ஸ் டூவார் என்ற விஞ்ஞானி இதைச் செய்தது தேத்தண்ணிக்கு அல்ல, திரவமாக்கிய வாயுக்களைக் குளிராக வைத்திருக்க. ஆகவே வெய்யில் காலத்தில் குளிர்ந்த மோரோ இளநீரோ கொண்டுபோகவும் இதே போத்தல் உதவும். முதலில் குளிர்தண்ணி விட்டு ஆற வைத்தால் சரி. சோடா மட்டும் விடாதீர்கள், வாயு மூடியைத் தள்ளிவிடும்.

அந்த வெற்றிடம் போனால் போத்தலும் போனதுதான். கொதிதண்ணி விட்டுக் கொஞ்ச நேரத்தில் உருக்குப் போத்தலின் வெளிப்பக்கம் கையில் சுட்டால், காற்று உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். கண்ணாடிப் போத்தலைக் குலுக்கும்போது சலசலவென்று கேட்டால் உள்கண்ணாடி உடைந்துவிட்டது, அதில் ஒரு சொட்டுக்கூட யாருக்கும் வார்க்க வேண்டாம்.

கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கரைத்த பாலைப் போத்தலில் வைத்துக் கொண்டுபோகவே கூடாது. கொதித்த தண்ணியை ஒரு போத்தலிலும், அளந்த மாவை ஈரமில்லாத பேணியிலும் வைத்திருந்து, பிள்ளை பசிக்கும்போது கரையுங்கள். மாவில் இருக்கக்கூடிய கிருமி சாக, தண்ணி 70 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுறுத்தல். கரைத்த பிறகு பால் போத்தலைக் குளிர்தண்ணியில் பிடித்து ஆற்றி, கையின் உட்பக்கத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

கழுவுவதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்தால் கேத்தலில் வெள்ளையாகப் படிகிறது, பிறகு போத்தலின் அடியிலும் படிகிறது. அதைக் கம்பிநாரால் சுரண்டாதீர்கள். வினாகிரியும் சுடுதண்ணியும் கலந்து அரை மணித்தியாலம் ஊற விட்டு, இரண்டு மூன்று தரம் அலசினால் போய்விடும். வினாகிரி இல்லாவிட்டால் தேசிக்காய்ப் புளி. வாடை பிடித்திருந்தால் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைச் சுடுதண்ணியில் கரைத்து, மூடாமல் இரவு வையுங்கள். கிணற்றுக்குப் போடுகிற குளோரினை உருக்குப் போத்தலுக்குள் விடவேண்டாம், அரித்துவிடும். கண்ணாடிப் போத்தலை முழுதாகத் தண்ணிக்குள் அமிழ்த்தினால் கூட்டுக்குள் தண்ணி இறங்கி நாறும்.

கூடுதலாக மணப்பது மூடியில் இருக்கிற வாசர்தான். அதைக் கழற்றித் தனியாகக் கழுவி, உலர்த்திப் போடுங்கள். பாவிக்காத நாட்களில் போத்தலை மூடாமல் கவிழ்த்து வையுங்கள்.

விறகும் எண்ணெயும் இல்லாத நாட்களை நாங்கள் கண்டிருக்கிறோம். 1990க்குப் பிறகு யுத்தத்தால் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் கட்டுப்பாடு. விடிய ஒரு தரம் ஊமலையும் (காய்ந்த பனங்கொட்டை ஓடு) பனம் மட்டையையும் எரித்துக் கொதிக்க வைத்த தண்ணியைப் போத்தலில் அடைத்து, அதை வைத்தே பின்னேரத் தேத்தண்ணி வரைக்கும் சமாளித்தோம். 2022இல் காஸ் இல்லாமல் நின்றபோதும் அதே போத்தலைத்தான் தேடி எடுத்தோம். இன்றைக்கும் விடிய அடுப்பு மூட்டும்போதே ஒரு போத்தல் நிரப்பி வைத்தால், நடுப்பகலில் வீட்டுக்கு வருகிறவருக்கு அடுப்பை மறுபடி மூட்டாமலே தேத்தண்ணி கொடுக்கலாம்.