தோல் மொறுமொறுவென்று சிக்கன் விங்ஸ் சுட

சிக்கன் விங்ஸில் எனக்கு முக்கியம் தோல்தான். மசாலா எதுவாகவும் இருக்கட்டும், தோல் சவசவவென்று இருந்தால் சாப்பிட மனசு வராது. அதனால் முதலில் டிஷ்யூ பேப்பரால் ஈரத்தைச் சுத்தமாக ஒற்றி எடுங்கள். 1 கிலோவுக்கு 2 டீஸ்பூன் உப்பு, 1 டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர் (சமையல் சோடா வேண்டாம், கசக்கும்) போட்டுப் பிசறி, கம்பித் தட்டில் பரப்பி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடாமல் ராத்திரி முழுக்க விடுங்கள். தோல் நன்றாகக் காய்ந்துவிடும். இந்தப் படியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

சுடுவதற்கு முன் மிளகாய்த்தூள், மிளகுத்தூள், பூண்டுப் பொடி, கொஞ்சம் எண்ணெய். போதும்.

கரியை கிரில்லில் ஒரு பக்கமாகக் குவித்து, இறக்கைகளை மறுபக்கம் அடுக்கி மூடிவிடுங்கள். 30, 40 நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்பினால் போதும். கொழுப்பு நிதானமாக உருகி வடியும். நெருப்பில் சொட்டி குப்பென்று பற்றாது. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்தாலே பயமில்லாமல் சாப்பிடலாம். நான் 85 தாண்டும்வரை எடுக்கமாட்டேன். எலும்பை ஒட்டிய சவ்வு இளகி, கறி தானாகக் கழன்று வரும்.

பிறகு தணலுக்கு நேர்மேலே சில நிமிடம், திருப்பிக்கொண்டே. தேனோ இனிப்பு சாஸோ தடவுவதாக இருந்தால் இறக்கும் நேரத்தில் தடவுங்கள், சர்க்கரை சீக்கிரம் கருகும்.