டூரிங் பைக்கின் இக்னிஷன் டைமிங்கை லாக் பார்த்துத் திருத்துவது எப்படி?

இக்னிஷன் டைமிங்கில் (ஸ்பார்க் விழும் நேரத்தில்) கை வைப்பதற்கு முன், காற்று எரிபொருள் விகிதம் சரியாக இருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கலவை லீனாக (எரிபொருள் குறைவாக) இருப்பதால் எழும் நாக்கிங்கை (கலவை கட்டுப்பாடின்றித் தானாகவே வெடித்து எரிவதை) டைமிங்கின் குற்றமாக எண்ணிக் குறைத்துக்கொண்டே போனால், கோளாறு அப்படியே இருக்க, இழுவை மட்டும் போய்விடும். ஈசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) ஏற்கனவே உள்ள மேப்பை, அதாவது ஆர்பிஎம்முக்கும் சுமைக்கும் ஏற்ற டைமிங்கைக் கட்டம் கட்டமாகக் கொண்ட அட்டவணையை, தனிக் கோப்பாகச் சேமித்து வைப்பதும் இப்போதே செய்ய வேண்டிய வேலை.

பிஸ்டன் உச்சியை அடைவதற்கு முன்பே ஸ்பார்க் விழுவதற்குக் காரணம், கலவை எரிந்து முடிய நேரம் பிடிப்பதுதான். 3000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லி விநாடியில் 18 டிகிரி சுழன்றுவிடுகிறது. அழுத்தமோ பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறத்தாழ 15 டிகிரி இறங்கிய நிலையில் உச்சம் தொட்டால்தான் முழு இழுவை கிடைக்கும். த்ராட்டில் சற்றே திறந்திருக்கும்போது சிலிண்டருக்குள் கலவை அடர்த்தி குறைந்து மெதுவாக எரிவதால் அட்வான்ஸ் (ஸ்பார்க்கை எத்தனை டிகிரி முன்கூட்டியே விடுவது என்பது) அதிகம் தேவைப்படுகிறது. முழுத் த்ராட்டிலில் அது வேகமாக எரிவதால் குறைவாகவே போதும்.

லாக்கில், அதாவது ஓடும்போது ஈசியூவிலிருந்து எடுக்கும் பதிவில், ஆர்பிஎம், த்ராட்டில் நிலை, மேனிஃபோல்டு அழுத்தம், இன்ஜின் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், ஸ்பார்க் அட்வான்ஸ், ஒவ்வொரு சிலிண்டருக்குமான நாக் ரிடார்ட் (நாக்கிங்கை உணர்ந்து ஈசியூ குறைக்கும் டைமிங்) ஆகியவை பதிவாக வேண்டும். நாக் சென்சாரோ, ஸ்பார்க் பிளக் வழியாகவே நாக்கிங்கை உணரும் அமைப்போ இல்லாத பைக்கில் லாக் இதைக் காட்டாது. அதில் அட்வான்ஸைக் கூட்டும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

குளிர்ந்த இன்ஜினில், தனியாளாக ஓட்டி எடுத்த லாக் அழகாக இருக்கும், ஆனால் பயன்படாது. டூரிங் பைக் சுமையோடும் சூட்டோடும் ஓடுவதற்கானது என்பதால், பெட்டிகளை நிரப்பி, பயணத்தில் கிடைக்கக்கூடியதும் தயாரிப்பாளர் அனுமதிப்பதுமான மிகக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை ஊற்றி, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு பதிவு செய்யுங்கள். நெரிசலில்லாத ஏற்றச் சாலையில், உயர் கியரில் 2000 முதல் 3500 ஆர்பிஎம் வரை த்ராட்டிலைப் படிப்படியாகத் திறந்து, அதே ஓட்டத்தை மூன்று முறை செய்ய வேண்டும். ஓடும்போது திரையைப் பார்க்கக் கூடாது. லாக் எங்கும் ஓடிவிடாது.

ரிடார்ட் மூன்று ஓட்டங்களிலும் மேப்பின் ஒரே கட்டத்தில் தோன்றினால் அதை உண்மையான நாக்கிங்காகக் கொள்ளலாம். கியர் மாற்றும் கணத்திலோ பள்ளத்திலோ ஒரு முறை மட்டும் தோன்றினால், அது பெரும்பாலும் இயந்திர ஓசையை சென்சார் தவறாக எடுத்துக்கொண்டதாகவே இருக்கும். பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஈசியூ ஒரு முறை குறைத்த டைமிங்கை உடனே திருப்பித் தராமல் மெல்ல மெல்லத்தான் தருகிறது. ஆகவே 3200 ஆர்பிஎம்மில் தெரியும் ரிடார்ட், உண்மையில் 2600-இல் எழுந்த நாக்கிங்கின் மிச்சமாக இருக்கலாம். ரிடார்ட் முதன்முதலில் தலைகாட்டிய வரியைத் தேடிப் பிடித்து, அந்தக் கட்டத்தில் 2 டிகிரியும் பக்கத்துக் கட்டங்களில் 1 டிகிரியும் குறைத்துவிட்டு, மீண்டும் லாக் எடுங்கள். காற்றில் குளிரும் வி-ட்வினில் (V வடிவில் இரண்டு சிலிண்டர் கொண்ட இன்ஜினில்) பின் சிலிண்டர் கூடுதலாகச் சூடேறும் என்பதால், தனித்தனி மேப் இருந்தால் பின்னதை மட்டும் குறைத்தாலே போதுமா என்று முதலில் பாருங்கள்.

நாக்கிங் இல்லாத கட்டங்களில் 1 டிகிரி கூட்டி, அதே சாலையில், அதே கியரில், அதே திசையில் 2500-இலிருந்து 3500 ஆர்பிஎம்மை எட்டும் நேரத்தை லாக்கில் ஒப்பிடுங்கள். நேரம் குறையவில்லை என்றால் கூட்டியதைத் திரும்ப எடுத்துவிடுங்கள்; பயன் தராத அட்வான்ஸ் நாக்கிங்கின் விளிம்புக்குத்தான் இன்ஜினை நகர்த்துகிறது. மறுபக்கம், பயந்து அளவுக்கு மீறிக் குறைத்தால் எரிதல் தாமதமாகி எக்ஸாஸ்ட் பக்கம் சூடேறுவதோடு மைலேஜும் விழும்.