ஹாட் ராடுக்குப் பழைய ஃபோர்டு ஆக்சில் எடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

காயலான் கடையில் ஒரு முன் ஆக்சில் கிடக்கிறது. மேலே சாக்பீஸில் "1932 ஃபோர்டு" என்று எழுதியிருக்கிறது. அந்த எழுத்தை நம்பிப் பணத்தை எடுப்பதுதான் முதல் தவறு.

அமெரிக்காவில் ஹாட் ராட் (பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டிய வண்டி) கட்டுகிறவர்கள் அதிகம் தேடுவது 1928 முதல் 1948 வரை வந்த ஃபோர்டு கார்களின் ஐ வடிவ முன் ஆக்சிலை. 1949இல் ஃபோர்டு கார்களுக்கு முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி சஸ்பென்ஷன் வந்துவிட்டது. அந்த இருபது ஆண்டு ஆக்சில்களும் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிதான். ஆனால் 1934 வரை குறுக்கு ஸ்பிரிங் ஆக்சிலுக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தது. 1935இலிருந்து ஆக்சிலுக்கு முன்னால் போய்விட்டது. ஆகவே கூடவே கிடக்கும் விஷ்போனையும் (ஆக்சிலைச் சட்டத்தோடு பிடிக்கும் கவட்டை வடிவக் கம்பி) ஸ்பிரிங் மாட்டும் இடத்தையும் முதலில் பாருங்கள்.

ஹப்பையும் டிரம்மையும் வைத்து மட்டும் வயதைக் கணிக்காதீர்கள். 1936 முதல் 1939 வரை ஐந்து போல்ட்டும் 10¼ அங்குல வட்டத்தில் அகலமாக இருக்கும். அதற்கு முன்னும் 1940–48இலும் 5½ அங்குலம். இது நல்ல அடையாளம்தான், ஆனால் ஹப்புக்கு மட்டும். ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியதே 1939இல். அதனால் பிந்தைய பிரேக்கையும் ஹப்பையும் பழைய ஆக்சிலில் மாட்டுவது அந்தக் காலத்திலேயே வழக்கமாகிவிட்டது. ஆக்சிலின் அடையாளம் ஆக்சிலிலேயே இருக்கிறது. ஸ்பிரிங்கைத் தாங்கும் பெர்ச் போல்ட் நுழையும் இடத்தின் தடிமனை வெர்னியரால் அளந்து, உங்கள் விஷ்போனின் கவட்டைக்குள் சரியாக உட்காருமா என்று பாருங்கள். உட்காரவில்லை என்றால் வேறு ஆக்சில் தேடுங்கள். கிரைண்டர் வைத்து ஆக்சிலைச் செதுக்குவது எனக்கு மனதாரப் பிடிக்காத வேலை.

1937இல் 60 குதிரைத்திறன் வி8 காரோடு வந்த குழாய் ஆக்சில் பார்வைக்கு அழகு. அதை வாங்கி, விஷ்போனை இரண்டாக வெட்டி, சட்டத்தின் இரு பக்கமும் தனித்தனியாக மாட்டுகிறார்கள். வண்டி ஒரு பக்கம் சாயும்போது ஆக்சில் முறுக்கிக்கொடுக்க வேண்டும். ஐ ஆக்சில் அதைச் செய்யும், குழாய் செய்யாது. அந்த விசை முழுவதும் பிராக்கெட்டிலும் வெல்டிங்கிலும் போய் இறங்கும். குழாய் ஆக்சிலுக்குப் பக்கத்துக்கு இரண்டு கம்பியாகப் பிடிக்கும் நான்கு கம்பி அமைப்புதான் சரி.

பிரிக்கும்போதுதான் அதிகச் சேதம். சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டிலை ஆக்சில் முனையோடு இணைப்பது கிங் பின். அது ஆக்சிலுக்குள் தானாக நிற்பதில்லை. குறுக்கே ஒரு பூட்டு பின் அதைப் பிடித்திருக்கிறது. அது துருவுக்கும் கிரீஸுக்கும் அடியில் மறைந்திருக்கும். அதைக் கழற்றாமல் கிங் பின்னைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டே இருப்பார்கள். பின்னின் தலை விரியும், துளை கெடும். முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பூட்டு பின்னைக் கண்டுபிடியுங்கள். பூட்டு பின்னின் நட்டைக் கடைசி மரையோடு சமமாக நிறுத்தி, அதன் மேல் தட்டுங்கள், மரை பிழைக்கும். பிறகு கிங் பின் சில நாள் துரு நீக்கும் எண்ணெயில் ஊறட்டும், அதற்கப்புறம் பிரஸ்ஸில் கொடுத்துத் தள்ளுங்கள். கிங் பின் கெட்டுப்போனால் புதிது வாங்கலாம். ஆக்சிலின் துளை நீள்வட்டமானால் அந்த அசல் ஆக்சிலே போயிற்று.

வண்டியின் முன்பக்கம் தாழ்வாக நிற்கும்படி தாழ்த்திய ஆக்சில் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். சான் டியாகோவில் எட் ஸ்டூவர்ட் சூடாக்கி இழுத்துத் தாழ்த்திய ஆக்சில்களுக்குப் பெரும் பெயர். ஆனால் இழுத்த இடத்தில் இரும்பு மெலியும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தாழ்ந்திருக்கிறதா, ஏதாவது ஒரு முனை மெலிந்திருக்கிறதா என்று அளக்காமல் பெயருக்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

ஸ்பிண்டிலும் ஸ்டீயரிங் ஆர்மும் உயிரைப் பிடித்திருக்கும் பாகங்கள். கண்ணால் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று பெயின்ட் அடிக்கக் கூடாது. காந்தத் துகள் சோதனை செய்யுங்கள், முடியாவிட்டால் சிவப்புச் சாயம் ஊற்றியாவது விரிசல் பாருங்கள். ஸ்பிண்டில் தண்டு தொடங்கும் மூலையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். விரிசல் தெரிந்தால் வெல்டிங் வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

பின் ஆக்சிலில் ஹப், கீ வைத்த சரிவான முனையில் இறுகியிருக்கும். முனையில் அடித்துக் கழற்றினால் மரையும் போகும், உள்ளே பேரிங்கும் அடிவாங்கும். ஹப்பைப் பிடிக்கும் புல்லர் வேண்டும். நட்டை முழுவதும் எடுக்காமல் சில மரை விட்டு வையுங்கள், இல்லையென்றால் ஹப் பிடி விடும்போது பறந்து வரும். பிறகு ஆக்சில் தண்டை வெளியே இழுக்க முயல வேண்டாம். உள்முனைப் பல்சக்கரம் தண்டோடு ஒன்றாகவே செய்யப்பட்டது. டிஃபரன்ஷியலைப் பிரித்தால்தான் வரும். வாங்கும் முன் ஹவுசிங்கின் வெளிமுனையை விரலால் தடவிப் பாருங்கள். ரோலர்கள் நேராக அந்த இரும்பின் மேல்தான் ஓடுகின்றன. பள்ளம் தட்டுப்பட்டால் ஸ்லீவ் போடும் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

1957இல் வந்த 9 அங்குல ஃபோர்டு பின் ஆக்சில் என்று சொல்லி 8 அங்குலத்தை விற்பதும் உண்டு. நடுப்பகுதியின் அடி நட்டுகளில் சாக்கெட் நேராக ஏறினால் அது 8. ஏறாமல் ஸ்பேனர் தேவைப்பட்டால் 9.