வீட்டில் கட்டும் வால்வு ஆம்ப்ளிஃபையர்: வோல்டேஜிலும் சூட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் கட்ட ஆசைப்படுகிறவர்கள் நல்ல வால்வைத் தேடி அலைகிறார்கள், சர்க்யூட்டை மாற்றி மாற்றி வரைகிறார்கள். ஆனால் வீட்டு பிளக்கில் எத்தனை வோல்ட் வருகிறது என்று யாரும் அளப்பதில்லை. முதல் தவறு அங்கேதான்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் 220 வோல்ட்டுக்குச் சுற்றியதாக இருக்கும். என் வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் 245 வோல்ட் வருகிறது. அதாவது 11 சதவீதம் கூடுதல். வால்வை உள்ளிருந்து சூடேற்றும் ஹீட்டரில் 6.3 வோல்ட்டுக்குப் பதில் 7 வோல்ட், 250 வோல்ட் வர வேண்டிய ஹை வோல்டேஜ் சுற்றில் 278 வந்து நிற்கும். ஹீட்டர் இப்படி அதிகமாக எரிந்தால் வால்வின் ஆயுள் குறையும். டிரான்ஸ்ஃபார்மரில் 240 வோல்ட் டேப் (அதற்கான தனி முனை) இருந்தால் அதில் மாட்டுங்கள், எல்லாமே சரியாகும். இல்லையென்றால் ஹீட்டர் வயர் இரண்டிலும் 0.22 ஓம், 3 வாட் ரெசிஸ்டர் ஒவ்வொன்று போடலாம். இரண்டு இஎல்84 (அவுட்புட் வால்வு), ஒரு 12ஏஎக்ஸ்7 (முன்னால் சிக்னலைப் பெருக்கும் வால்வு) இருந்தால் 1.8 ஆம்பியர் ஓடும், 0.8 வோல்ட் இறங்கும். ஆனால் இது ஹீட்டரை மட்டுமே காப்பாற்றும்.

ஹை வோல்டேஜ் பக்கத்தில் அடி வாங்குவது டிசியைச் சமன்படுத்தும் ஃபில்டர் கெப்பாசிட்டர். 278 வோல்ட் ஏசியை டையோடு வழியாக அனுப்பினால் 393 வோல்ட் டிசி. வால்வு சூடேறி கரண்ட் இழுக்கும் வரை அந்த முழு வோல்டேஜும் கெப்பாசிட்டர் தலையில்தான். என் முதல் ஆம்ப்ளிஃபையரில் 350 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தேன். இரண்டாவது வாரமே வெடித்தது. இந்த இடத்தில் 450 வோல்ட்டுக்குக் குறைந்து போடவே கூடாது.

அடுத்தது பயாஸ், அதாவது சிக்னல் இல்லாதபோதும் வால்வில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று நிர்ணயிப்பது. ‘சர்க்யூட்டில் 135 ஓம் என்று போட்டிருக்கிறது, அதையே போட்டேன்’ என்று விட்டுவிடுகிறார்கள். கேத்தோடில் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) மாட்டும் அந்த 135 ஓம் ரெசிஸ்டரில் 7.4 வோல்ட் காட்டினால் 55 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று கணக்கு. வால்வுக்குள் இருக்கும் ஸ்க்ரீன் கிரிடுக்குப் போகும் ஐந்தைக் கழித்தால், எலக்ட்ரான் போய்ச் சேரும் பிளேட்டுக்கு 50. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 280 வோல்ட் இருந்தால் 14 வாட். இஎல்84 தாங்குவது 12 வாட்தான்! கேத்தோடு ரெசிஸ்டரைக் கூட்டி 12க்குக் கீழே கொண்டுவாருங்கள். ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் எரிவது இயல்பு. வெளியே இருக்கும் பிளேட்டே சிவந்தால் உடனே ஆஃப் செய்துவிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு இஎல்84 ஏறக்குறைய 18 வாட் சூட்டை வெளியே விடும். அழகுக்காக வால்வை மரப்பெட்டிக்குள் மூடி வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சாக்கெட்டைச் சுற்றியும் சேஸிஸ் (உலோகப் பெட்டி) அடித்தட்டிலும் துளை போட்டு, ரப்பர் கால் வைத்தால் காற்று கீழிருந்து மேலே ஏறும். கெப்பாசிட்டரை வால்வுக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகிவிடும். 105 டிகிரி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் உயிர் சம்பந்தப்பட்டவை. முதல் தடவை ஆன் செய்யும்போது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஆஃப் செய்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். அதன் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இருந்தால், 100 மைக்ரோ ஃபேரட் என்றால் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். அப்போதும் மீட்டரால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஹம் (ஸ்பீக்கரில் உறுமல்) வருகிறதென்று எர்த் வயரைக் கழற்றிவிடுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. சேஸிஸில் மெயின்ஸ் லைவ் வயர் பட்டால் ஃப்யூஸ் போவதற்குப் பதில் ஆள் போய்விடுவார். ஹீட்டர் வயர் இரண்டையும் நன்றாக முறுக்கி, சேஸிஸ் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். சென்டர் டேப் (நடு முனை) இல்லாத ஹீட்டர் சுற்று என்றால் இரண்டு முனையிலிருந்தும் கிரவுண்டுக்கு 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று போட்டுப் பாருங்கள். பல சமயம் ஹம் அதிலேயே அடங்கிவிடும்.