நண்பர்களோடு பாய்ப்படகில் லங்காவியிலிருந்து பினாங்குக்கு

மலேசியாவில், லங்காவித் தீவின் குவா துறையிலிருந்து பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்கு ஏறக்குறைய 60 கடல் மைல். என் பாய்ப்படகு நல்ல காற்றில் மணிக்கு ஐந்து கடல் மைல் ஓடும். ஆக, 12 மணி நேரப் பயணம். இந்தக் கணக்கை ஒரு வாரம் முன்பே நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள். "மூன்று மணிக்குப் போய்விடுவோமா?" என்று நடுக்கடலில் கேட்க மாட்டார்கள். கேட்பார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு கேட்பார்கள்.

டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். அப்போது வாடைக்காற்று, தெற்கே போகும் நமக்கு இடப்பக்கம் சற்றுப் பின்னாலிருந்து தள்ளும். நிலம் மறைப்பதால் அலையும் அதிகம் எழாது. ஏப்ரலுக்குப் பிறகு 'சுமத்ரா' என்கிற சூறைமழை விடியற்காலையில் வந்து அறையும். கடலுக்குப் புதியவர்களை ஏற்றிக்கொண்டு அதில் மாட்டாதீர்கள்.

காலை ஏழு மணிக்கு, முகம் தெரியும் வெளிச்சம் வந்த பிறகே நங்கூரத்தைத் தூக்குவேன். வேகம் ஐந்துக்குக் கீழே இறங்கினால் வீம்பு பார்க்காமல் எஞ்சினைப் போடுவேன். பொழுது சாய்வதற்குள் ஊர் சேர வேண்டும், ஏனென்றால் வழியெல்லாம் வலை. மூங்கில் கழியில் ஒரு கந்தல் கொடி, சில இடங்களில் வெறும் எண்ணெய் டப்பா: அடையாளம் அவ்வளவுதான்.

அதனால் படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், எப்போதும் ஒருவர் உட்கார வேண்டும். அவருக்கு வேறு வேலை கூடாது. ஒருமுறை அப்படி உட்கார்ந்த நண்பர் தேநீர் எடுக்க உள்ளே போனார். இரண்டு நிமிடம் இருக்கும். எஞ்சின் சத்தம் கம்மியது, படகு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் நின்றது. நீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியில் பச்சை நைலான் வலை, முஷ்டிக் கனத்துக்குச் சுற்றியிருந்தது. அப்படி நேர்ந்தால் பின்னோக்கி ஓட்டிப் பார்க்காதீர்கள், இன்னும் இறுகும். எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாயை இறக்கி, இடுப்பில் கயிறு கட்டி இறங்குங்கள். என் விலை உயர்ந்த கப்பல் கத்தி வழுக்கியது. அறுத்துக் கொடுத்தது சமையலறையில் இருந்த பல் வைத்த ரொட்டிக் கத்திதான்.

குமட்டலுக்கு மாத்திரை என்றால் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். மீறிக் குமட்டினால் உள்ளே படுக்க விடாதீர்கள்; சுக்கானைக் கையில் கொடுத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் தேறிவிடுவார்கள். சாப்பாட்டுக்கு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு கட்டிக்கொள்ளலாம், காரச் சம்பலைத் தனியாக.

யாராவது கடலில் விழுந்தால் மிதவையை எறிந்த கையோடு ஒருவர் அவரைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. அந்த ஒருவர் யார் என்பதைக் கரையிலேயே முடிவு செய்யுங்கள்.

வழியில் வரும் பாயார் தீவு கடந்து, தெளிந்த நாளில் மதியத்துக்கு மேல் பினாங்குக் குன்று தெரியும், 833 மீட்டர். உடனே எல்லோரும் பைகளைக் கட்டத் தொடங்குவார்கள். கட்டட்டும். இன்னும் நாலு மணி நேரமாவது இருக்கிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீரோட்டம் எதிர்த்தால் ஐந்து.