பெட்டிச் சட்டத்தில் வெடிப்பா? கப்பல்காரர் செய்வதைச் செய்யுங்கள்

உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் வெடிப்பு விழுந்தால் எல்லாரும் பாரத்தைத்தான் திட்டுவார்கள். பாரம் பாதிக் காரணம்தான், ஒட்டுசுட்டான் பக்கம் கிரவல் ரோட்டில் நெல் மூட்டையோடு துள்ளித் துள்ளிப் போகும்போது சட்டம் வளைந்து நிமிர்கிறதே, அதுதான் மீதி. கப்பல் தகட்டுக்கும் இதே வருத்தம்தான். ஒவ்வொரு அலைக்கும் அது கொஞ்சம் வளையும், 20 வருடத்துக்கு ஏறக்குறைய 10 கோடி தடவை என்று கணக்கு வைத்துத்தான் கப்பலை வடிவமைக்கிறார்கள்.

"அடுத்த போகம் பார்ப்பம்" என்று மட்டும் விடாதீர்கள். 1960களில் பால் பாரிஸ் என்ற அமெரிக்கர் வெடிப்பு வளரும் வேகத்துக்குக் காட்டிய விதியை உருக்குக்குப் போட்டுப் பார்த்தால், வெடிப்பு 4 மடங்கு நீளமாகும்போது அது வளரும் வேகம் கிட்டத்தட்ட 8 மடங்காகும். விரல் நீளத்தில் கிடந்தது சாண் நீளமாக அதிக நாள் எடுக்காது.

சரி, எங்கே தேடுவது? வெல்டிங்கால் ஒட்டின இடத்தின் ஓரம், துளையின் விளிம்பு, சதுரமாக வெட்டின மூலை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல்களில் பல வெடிப்புகள் மேல்தளத்தில் சரக்கு இறக்கும் வாயின் சதுர மூலைகளில்தான் தொடங்கின. பெயின்ற் மேலே துரு ஒரு கோடாகக் கசிந்திருந்தால் அங்கே சுரண்டிப் பாருங்கள். சந்தேகமென்றால் இடத்தைத் துப்புரவாக்கி மண்ணெண்ணெய் பூசி, ஊற விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு சோக்குத் தூள் தடவுங்கள். வெடிப்புக்குள் போன எண்ணெய் வெளியே கசிந்து தூளில் கோடு காட்டும், காசு செலவில்லாத சோதனை.

கோட்டின் நுனிதான் முக்கியம். கண்ணுக்குத் தெரிவதைவிட உண்மையான நுனி கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும், அதனால் தெரிகிற நுனிக்குச் சற்று அப்பால் துளை போடுங்கள், துளையின் விட்டம் 12 மில்லிமீற்றராவது இருக்கட்டும், விளிம்பில் பிசிறு நிற்கக்கூடாது. துளைக்கு அப்பாலும் கோடு போகிறதா என்று மறுபடி சோக்கு தடவிப் பார்க்க வேண்டும். கூரான நுனி வட்டமாகிவிட்டால் விசை ஒரே புள்ளியில் குவியாது. ஆனால் இது வீடு போய்ச் சேருவதற்கான வேலை மட்டும்தான், நிரந்தரமில்லை.

நிரந்தரம் வேண்டுமென்றால் வெடிப்பை அடிவரை கிரைண்டரால் வாய்க்கால் மாதிரி வெட்டி எடுக்க வேண்டும். மேலே ஒரு கோடு ஒட்டிப் பெயின்ற் அடித்துத் தருகிறவரிடம் கொடுக்காதீர்கள், கீழே கிடக்கும் வெடிப்பு அப்படியே வளரும். ஒட்டுவதற்கு 7018 என்ற வெல்டிங் றொட் கேளுங்கள், மாரியில் திறந்து கிடந்தது வேண்டாம், அது ஈரம் இழுத்திருக்கும், அந்த ஈரத்திலிருந்து வரும் ஐதரசனே ஒட்டை வெடிக்க வைக்கும். ஒட்டி முடித்ததும் ஓரத்தைத் தேய்த்து மட்டமாக்கிவிடுங்கள்.

அப்புறம் அந்தச் சதுரத் துண்டு. வெடிப்புக்கு மேலே தகடு வைத்துச் சுற்றி ஒட்டுவது எங்கட பக்கம் பெரிய பழக்கம், அதன் நாலு மூலையும் புது வெடிப்புக்கு நாலு வாசல். கப்பலில் பழுதான தகட்டை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் துண்டு பொருத்துவார்கள், மூலையை வளைப்பார்கள், அந்த வளைவின் ஆரை தகட்டுத் தடிப்பின் 5 மடங்கு, 100 மில்லிமீற்றருக்குக் குறையாமல். பெட்டிச் சட்டத்தில் அவ்வளவுக்கு இடமிராது, கிடைக்கிற அளவுக்கு வளையுங்கள். பெயின்றை உடனே அடிக்காமல் சில நடை பாரம் ஏற்றி ஓடிவிட்டு, மண்ணெண்ணெயும் சோக்கும் எடுத்து இன்னொரு தடவை பாருங்கள்.